ஆறாம் ஹென்றியின் அடிச்சுவட்டில்

இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரிலே, காம் என்னும் சிற்றாற்றை ஒட்டிய பசும்புல் வெளியின் ஓரத்தில், கிங்ஸ் கல்லூரியின் ஆலயம் ஓங்கி நிற்கின்றது. நீளம் 289 அடி. அகலம் 40 அடி. உட்கூரையின் உயரம் 80 அடி. உள்ளே நுழைபவர் எவராயினும் முதலில் அண்ணாந்து பார்ப்பார். கல்லிலே விசிறிகளை விரித்து வைத்தாற் போன்ற கூரை அது. உலகில் இவ்வகைக் கூரைகளுள் இதுவே மிகப் பெரியது. பீடத்திற்குப் பின்னால் ரூபன்ஸ் தீட்டிய மூவரசர் வணக்க ஓவியம். இருமருங்கும் வேதாகம வரலாற்றை வண்ணத்தில் சொல்லும் பலகணிகள். கிறிஸ்துமஸ் முந்திய நாள் மாலையில் ஒன்பது வாசகங்களும் பாடல்களுமாக இங்கு நடைபெறும் வழிபாடு 1918-ஆம் ஆண்டு தொடங்கியது. 1928 முதல் வானொலி வழியாக உலகெங்கும் ஒலித்து வருகின்றது.

வாசக அன்பர்கள் எவரேனும் அங்குச் செல்ல நேர்ந்தால், மேலே பார்த்தது போதும் என்றானபின் வெளியே வந்து கீழ்த்திசைச் சுவரையும் சற்று உற்று நோக்க வேண்டுகின்றேன். சுவரின் அடிப்பகுதி வெண்மையான கல். ஓர் உயரத்திற்கு மேல் கல்லின் நிறம் மாறி, மஞ்சள் சாயல் படர்ந்திருக்கின்றது. வெண்கல் யார்க்ஷயரிலிருந்து வந்தது. மற்றது வேறு சுரங்கத்துக் கல். அந்த நிறம் மாறும் இடமே ஓர் அரசனின் வாழ்வு முறிந்த இடம். 1446-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள், புனித யாகப்பர் திருநாளன்று, இவ்வாலயத்தின் முதற்கல்லைத் தம் கையாலேயே வைத்தவர் மன்னர் ஆறாம் ஹென்றி. 1461-ல் அவர் முடியிழந்தார்; கொத்தர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டுப் போயினர். கூரை வேய்ந்து கட்டடம் முடிவு பெற்றது 1515-ல். அதற்குள் அவர் இறந்து 44 ஆண்டுகள் கடந்திருந்தன.

வரலாற்று நூல்கள் இம்மன்னரை இகழ்ந்தே பேசும். கையாலாகாதவர், நாட்டை இழந்தவர், பித்துப் பிடித்தவர் என்று மூன்று சொற்களில் முடித்துவிடும். ஆனால் இவர் இறந்த பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இங்கிலாந்தின் ஏழை எளியவர் இவரைப் புனிதர் என்றே அழைத்தனர். கல்லறைக்குக் கூட்டங் கூட்டமாக நடந்தனர். இவருக்குப் புனிதர் பட்டம் வழங்கும் முயற்சி உரோமை வரை சென்று பாதியில் நின்றது. இகழ்ச்சி மெய்யா, புகழ்ச்சி மெய்யா? இக்கேள்வியோடு இவர் வாழ்ந்த இடங்களைச் சுற்றி வருவது பயனுள்ள பயணமாகும்.

ஹென்றி 1421-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் வின்சர் அரண்மனையில் பிறந்தார். அன்று புனித நிக்கொலாஸ் திருநாள். தந்தை ஐந்தாம் ஹென்றி பெரும் வீரர். பிரான்சு நாட்டைப் போரில் வென்று, அந்நாட்டு அரசர் மகள் கத்தரீனை மணந்து, மாமனாருக்குப் பின் பிரான்சின் முடியும் தமக்கே என்று உடன்படிக்கை எழுதி வாங்கியவர். அவர் 1422 ஆகஸ்டில் போர்ப் பாசறை நோயால் மாண்டார்; மகன் முகத்தை அவர் கண்டதேயில்லை. அக்டோபரில் பிரெஞ்சு மன்னரும் மாண்டார். பத்து மாதப் பாலகன் இரு நாடுகளுக்கு அரசனானான். ஏழு வயதில் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரிலும், பத்து வயதில் பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்திலும் அவனுக்கு முடிசூட்டினர். பிரான்சு மண்ணிலேயே பிரான்சின் மன்னனாக முடிசூடிய ஆங்கில அரசன் இவன் ஒருவனே.

பாரிஸ் முடிசூட்டு விழாவிற்காக அச்சிறுவனை ரூவான் நகரில் மாதக்கணக்கில் காத்திருக்க வைத்தனர். அதே நகரில், அதே 1431-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், ஜோன் ஆஃப் ஆர்க் என்னும் இளம்பெண்ணை இவன் பெயராலேயே ஆண்ட ஆங்கிலேயர் உயிரோடு எரித்தனர். அந்தப் பெண் 1920-ல் புனிதராக உயர்த்தப்பட்டார். ஒன்பது வயதுச் சிறுவன் இதில் என்ன அறிவான்? ஆயினும் ஒரு புனிதரின் சாவும், புனிதராகக் கருதப்படப்போகும் ஒரு பாலகனும் ஒரே நகரின் மதில்களுக்குள் இருந்தமை மனத்தை விட்டு அகலுவதில்லை.

சிற்றப்பன்மாரும், கர்தினால் பூபோர்ட்டும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்த இளமைப் பருவத்தை விரித்துரைப்பதால் பயனில்லை. பதினாறு வயதில் ஆட்சிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அப்போது அவர் செய்ய விழைந்தது போரன்று, பள்ளிக்கூடம்.

வின்சர் அரண்மனை மாடத்திலிருந்து பார்த்தால், தேம்சு நதிக்கு அக்கரையில் ஈட்டன் தெரியும். பாலத்தைக் கடந்து கடைவீதி வழியே சிறிது நேரம் நடந்தால் போதும். 1440-ல் பத்தொன்பது வயதை இன்னும் எட்டாத மன்னர் இங்கே, அன்னை மரியாளின் பெயரால், ஏழை மாணவர் இலவசமாகப் பயில ஒரு கல்லூரியை நிறுவினார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில், அன்னை மரியாள், புனித நிக்கொலாஸ் ஆகிய இருவர் பெயராலும் மற்றொன்றை நிறுவினார். ஈட்டனில் எழுபது மாணவர். அவர்கள் இலக்கணம் கற்றுத் தேறியபின் கேம்பிரிட்ஜில் எழுபது இடம். பாடகர் குழுவில் பதினாறு சிறுவர் இருக்க வேண்டும் என்பது வரை தாமே விதித்தார். கேம்பிரிட்ஜ் ஆலயத்தின் அளவுகளையும் தாமே எழுதி வைத்தார். மிகையான சிற்ப வேலைப்பாடுகளைத் தவிர்த்து, பெரிதாகவும் தூயதாகவும் உறுதியாகவும் கட்ட வேண்டுமென்பது அவர் விருப்பம். பின்வந்த டியூடர் மன்னர்களோ மேற்குப் பகுதியெங்கும் தங்கள் குலச் சின்னங்களான ரோஜாவையும், பறவை நாகத்தையும், வேட்டை நாயையும் செதுக்கித் தள்ளிவிட்டனர். எட்டாம் ஹென்றியின் காலத்து மரத் தடுப்பில் அவர் பெயரின் முதலெழுத்தும் ஆன் போலினுடைய முதலெழுத்தும் பின்னிக் கிடக்கின்றன. நிறுவியவர் கேட்ட எளிமையைக் காண வேண்டுமானால் பீடப் பகுதியின் சுவர்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஈட்டன் ஆலயத்தில் இன்று நிற்பது அவர் திட்டமிட்டதில் ஒரு பகுதியே. அதன் சுவர்களில் தேவமாதாவின் புதுமைகளைச் சித்தரிக்கும் ஓவியங்கள் உள்ளன. அவர் இறந்த சில ஆண்டுகளில் தீட்டப்பட்டவை. 1560-ல் புதுமதத்தார் அவற்றின் மேல் சுண்ணாம்பு பூசினர். 1847-ல் சுண்ணாம்புக்குக் கீழே அவை கண்டெடுக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் முழுமையாகத் துப்புரவு செய்யப்பட்டபோது, அன்னையின் உருவம் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் சுண்ணாம்புக்குள் காத்திருந்தது தெரிந்தது. பள்ளி முற்றத்தில் மன்னரின் வெண்கலச் சிலை நிற்கின்றது. அதைச் சுற்றி ஓடும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். ஆண்டுக் கட்டணம் இன்று 50,000 பவுனைத் தாண்டிவிட்டது. மன்னர் குறித்த எழுபது கல்வி இடங்கள் மட்டும் இன்றும் எழுபதாகவே உள்ளன என்பது ஓரளவு ஆறுதல்.

மன்னரின் அன்றாட வாழ்வை நமக்குச் சொல்பவர் ஜான் பிளாக்மன். ஈட்டனில் பணியாற்றிப் பின்னர் கார்த்தூசியத் துறவு மடத்துடன் தொடர்பு கொண்டவர். போற்றும் நோக்கத்தோடு எழுதியவரானாலும், அவர் தரும் சிறு சிறு செய்திகளில் உண்மையின் மணம் வீசுகின்றது. மன்னர் நீண்ட அங்கியும் உழவர் அணியும் வட்டமுனைக் காலணியும் அணிந்தார். பெருவிழா நாட்களில் முடிபுனையும்போது, பட்டாடைக்குக் கீழே உடலை உறுத்தும் மயிர்ச்சட்டை உடுத்தினார். உணவு மேசையில் முதலாவதாக ஆண்டவரின் ஐந்து காயங்கள் பொறித்த தட்டை வைக்கச் செய்தார். ஈட்டன் மாணவர் எவரேனும் அரண்மனைப் பக்கம் தென்பட்டால் கையில் காசு கொடுத்து, நல்ல பிள்ளைகளாகப் படிக்கச் சொல்லி, இங்கே வராதீர்கள், அரண்மனைப் பழக்கங்கள் உங்களைக் கெடுத்துவிடும் என்று எச்சரித்து அனுப்புவாராம். தம் அரண்மனையைப் பற்றி இப்படிச் சொன்ன அரசர் வேறெவரும் உண்டோ, அறியேன்.

இலண்டன் நகர வாயிலொன்றில், அரச துரோகி என்று கொல்லப்பட்ட ஒருவனுடைய உடலின் ஒரு கூறு கம்பத்தில் செருகப்பட்டிருந்தது. அக்கால வழக்கம் அது. அதைக் கண்ட மன்னர், என் பொருட்டு ஒரு கிறிஸ்தவனை இப்படிக் கொடுமைப்படுத்துவதா என்று கடிந்து, உடனே இறக்கச் செய்தார்.

இவ்வளவும் அழகுதான். ஆனால் அரசன் அறவோனாக இருந்தால் மட்டும் குடிகள் வாழ்ந்துவிட மாட்டார்கள். கேட்டவர்க்கெல்லாம் நிலத்தையும் பதவியையும் அள்ளிக் கொடுத்தார், கருவூலம் காலியாயிற்று. குற்றவாளிகளுக்கு மன்னிப்பு வழங்கினார், நீதி தளர்ந்தது. சமாதானத்தை விரும்பி 1445-ல் பிரெஞ்சு அரச குலத்தைச் சேர்ந்த பதினைந்து வயது மார்கரெட்டை மணந்தார். அந்தச் சமாதானத்திற்காகவே மேய்ன் மாநிலத்தை விட்டுக்கொடுக்க ஒப்பினார். சமாதானமோ வரவில்லை. 1450-க்குள் நார்மண்டி முழுவதும் பறிபோயிற்று. 1453-ல் கலே துறைமுகம் ஒன்றே எஞ்சியது. தோற்ற வீரர்கள் கூலியின்றித் திரும்பி வந்து வீதிகளில் அலைந்தனர். 1450-ல் கெண்ட் மாநிலத்து மக்கள் ஜாக் கேட் என்பவன் தலைமையில் இலண்டனுக்குள் புகுந்தனர். அதே கோடையில், மன்னருக்கும் அரசிக்கும் திருமணம் நடத்திவைத்தவரும் மன்னரின் ஆன்ம குருவுமான ஆயர் ஏஸ்கோ, எடிங்டன் ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சொந்த மறைமாவட்ட மக்களாலேயே வெளியே இழுத்துக் கொல்லப்பட்டார். ஓர் ஆயரைப் பீடத்தருகிலிருந்து இழுத்துச் செல்லும் அளவுக்கு மக்கள் மனம் கொதித்திருந்ததென்றால், குற்றத்தை மக்கள் மேல் மட்டும் சுமத்துவதற்கில்லை. மன்னரின் மென்மைக்கு விலை கொடுத்தவர்கள் மற்றவர்களே.

1453 ஆகஸ்டில் அந்த நோய் வந்தது. மன்னர் கிளாரண்டன் மாளிகையில் தங்கியிருந்தபோது திடீரென அறிவு மங்கிற்று. பேச்சில்லை, யாரையும் அறியவில்லை, பிறர் தாங்கினாலன்றி எழவோ நடக்கவோ முடியவில்லை. அவர் தாயின் தந்தையான பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லசும் ஆண்டுக்கணக்கில் மனநோயால் வாடியவரே. மருத்துவர்கள் பேதி கொடுக்கவும், இரத்தம் வடிக்கவும், தலையை மழிக்கவும் அரசவை அனுமதி வழங்கியது. எதுவும் பலிக்கவில்லை. அக்டோபரில் அரசி ஆண்மகவை ஈன்றாள். எட்டாண்டு காத்திருந்த பிள்ளை! வின்சருக்குக் கொண்டுவந்து தந்தையின் முன்னே காட்டினர். ஆசி கூறும்படி மன்றாடினர். அவர் ஒருமுறை குழந்தையைப் பார்த்தார். மீண்டும் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். 1454 மார்ச்சில் பிரபுக்கள் குழுவாக வந்து மூன்று முறை பேச முயன்று, ஒரு சொல்லும் பெறாமல் வருந்தித் திரும்பினர்.

இத்தகைய நோயாளியை வீட்டில் வைத்துக் காப்பவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. பேசாத முகத்தின் முன் மாதக்கணக்கில் அமர்ந்திருப்பது எத்தகைய சிலுவை என்பதை அவர்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை.

1454-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், ஏறத்தாழ பதினேழு மாதங்களுக்குப் பின், தெளிவு திரும்பியது. அரசி மகனை அழைத்து வந்தாள். குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார். எட்வர்டு என்றனர். இரு கைகளையும் உயர்த்தி இறைவனுக்கு நன்றி கூறினார். ஞானத்தந்தையர் யாவர் என்று வினவினார். நடந்தது எதுவும் தமக்குத் தெரியாது என்றார். எல்லாரோடும் தாம் அன்பு பாராட்டுவதாகவும், பிரபுக்களும் அவ்வாறே இருக்க வேண்டுமென்றும் சொன்னார்.

பிரபுக்கள் அவ்வாறு இல்லை. அரச குலத்தின் மற்றொரு கிளையான யார்க் பிரபுவின் கட்சியும் அரசியின் கட்சியும் 1455 மே 22-ல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரத் தெருக்களிலேயே மோதின. மன்னரின் கழுத்தில் அம்பு தைத்தது. வரலாற்றில் ரோஜாப் போர்கள் என்று பெயர்பெற்ற நெடும்பகை அன்று தொடங்கியது.

மன்னர் தம் வாழ்வில் பெரிதாக முயன்ற செயல் ஒன்று உண்டு. அதைப் போர்களைவிட விரிவாகச் சொல்வதே முறை. 1458-ல் இரு கட்சியாரையும் இலண்டனுக்கு அழைத்தார். செயின்ட் ஆல்பன்ஸில் மாண்டவர்களின் ஆன்மாக்களுக்காக அங்குள்ள மடத்தில் திருப்பலி ஒப்புக்கொடுக்க யார்க் கட்சியார் ஆண்டுக்கு 45 பவுன் வழங்க வேண்டும். கொல்லப்பட்டோரின் குடும்பங்களுக்கும் ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மார்ச் 25-ஆம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளன்று, புனித பவுல் பேராலயத்திற்குப் பவனி புறப்பட்டது. தந்தையைப் பறிகொடுத்த மகனும் அத்தந்தையைக் கொன்ற கட்சியின் தலைவனும் கைகோத்து நடந்தனர். முடிபுனைந்து மன்னர் தனியே சென்றார். அவருக்குப் பின்னே அரசி மார்கரெட், யார்க் பிரபுவின் கையைப் பற்றிக்கொண்டு நடந்தாள். நகரமே கண்டு மகிழ்ந்தது. இதை அன்பு நாள் என்றே அழைத்தனர்.

அடுத்த ஆண்டே மீண்டும் வாள் உருவினர். கைகோக்கச் செய்வது எளிது. மனங்கோக்கச் செய்வது அரிது என்று வரலாற்றாசிரியர் நகைப்பர். எனினும் அந்நாட்டின் ஆளும் வகுப்பு முழுவதிலும், செத்தவர்களுக்காகச் செபிக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர் ஒருவர் இருந்தாரே!

1461 மார்ச் 29, குருத்து ஞாயிறு. பனிப்புயலுக்கிடையே டவுடன் என்னும் ஊரில் நடந்த போரில் 28,000 பேர் மாண்டதாக அக்காலக் கடிதங்கள் கூறின. இன்றைய ஆய்வாளர் பலர் இத்தொகையைக் குறைக்கின்றனர். குறைத்தாலும் கொடுமை குறையவில்லை. யார்க் பிரபுவின் மகன் நான்காம் எட்வர்டு அரியணை ஏறினார். ஹென்றி ஸ்காத்லாந்திலும் வடநாட்டு மலைகளிலும் மறைந்து திரிந்து, 1465-ல் பிடிபட்டு, இலண்டன் கோட்டையில் அடைக்கப்பட்டார். 1470-ல் கட்சி மாறிய பிரபுக்கள் அவரை வெளியே கொணர்ந்து மீண்டும் முடிசூட்டி, சில மாதங்கள் அரியணையில் அமர்த்தினர். 1471 மே 4-ல் டியூக்ஸ்பரி போரில் பதினேழு வயது மகன் எட்வர்டு கொல்லப்பட்டான். மே 21-ஆம் நாள் நான்காம் எட்வர்டு வெற்றி முழக்கத்தோடு இலண்டனுக்குள் நுழைந்தார். அன்றிரவே கோட்டைக்குள் ஹென்றியின் உயிர் போயிற்று.

மனத்துயரால் மடிந்தார் என்று வென்ற கட்சியின் ஏடு எழுதியது. அதை நம்பியவர் சிலரே. 1910-ல் கல்லறையைத் திறந்தபோது மண்டையோடு உடைந்து கிடந்தது. பழுப்பு முடியின் ஓரிடம் மட்டும் இரத்தம் தோய்ந்தாற்போல் கருத்திருந்தது.

உடலைத் தேம்சு நதிவழியே படகில் ஏற்றிச் சென்று, செர்ட்சி என்னும் ஊரின் துறவு மடத்தில் ஆரவாரமின்றி அடக்கம் செய்தனர். அந்த மடம் இன்று சிதைந்து மறைந்துவிட்டது. அங்கேதான் புதுமைகள் தொடங்கின. மக்கள் கூட்டத்தைக் கண்டு, 1484-ல் மூன்றாம் ரிச்சர்டு அவ்வுடலை வின்சரிலுள்ள புனித ஜார்ஜ் ஆலயத்திற்கு மாற்றினார்.

வின்சரில் எழுதிவைக்கப்பட்ட புதுமைகளின் தொகை 174. அந்த ஏட்டை 1923-ல் அச்சில் கொணர்ந்தவர்களுள் ஒருவர், ஈட்டனில் பயின்று பின்னர் கத்தோலிக்கக் குருவான ரொனால்டு நாக்ஸ். விசாரணையாளர்கள் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, சிலவற்றின் ஓரத்தில் மட்டுமே மெய்ப்பிக்கப்பட்டது என்று குறித்தனர். நிறைவேறியவற்றுள் பெரும்பாலானவை கல்லறையருகில் அல்ல, விபத்து நேர்ந்த இடத்திலேயே நிகழ்ந்தவை. குழந்தை கிணற்றில் விழுகின்றது, ஆலையில் அடிபடுகின்றது, கூடியிருப்போர் மண்டியிட்டு ஹென்றி மன்னரை அழைக்கின்றனர், ஒரு காசை எடுத்து வளைத்து, அதை அவர் கல்லறைக்கு நேர்ச்சையாகக் குறிக்கின்றனர். இலண்டன் குழந்தையொன்று கன்றர்பரி புனித தாமசின் யாத்திரைச் சின்னத்தை விழுங்கி மூச்சடைத்துப் போயிற்று. ஹென்றியை மன்றாடவே அது வெளிவந்ததாம். புனித தாமசின் சின்னத்தால் வந்த இடரை ஹென்றி நீக்கினார் என்று அதை எழுதியவர் மகிழ்ந்திருக்க வேண்டும்! ஆடு திருடினான் என்று பொய்ப்பழி சுமத்தப்பட்டுக் கேம்பிரிட்ஜில் தூக்கிலிடப்பட்ட தாமஸ் புல்லர் என்பவன், மன்னர் தன் கழுத்துக்கும் கயிற்றுக்கும் இடையே கைவைத்துக் காத்ததாகக் கூறினான். தலைவலிக்காரர்கள் வின்சரில் வைக்கப்பட்டிருந்த மன்னரின் தொப்பியைத் தலையில் அணிந்தனர். பதினேழு மாதம் தலை கலங்கிக் கிடந்தவரிடமே தலைநோய்க்காரர் வந்தனர் என்பதைக் கவனியுங்கள்.

ஏழாம் ஹென்றி மன்னர் மூன்று பாப்பரசர்களிடம் அடுத்தடுத்துப் புனிதர் பட்டத்திற்காக வேண்டினார். தம் குலத்திற்குப் பெருமை தேடும் நோக்கம் அதில் இருந்ததை மறுப்பதற்கில்லை. விசாரணைக் குழுக்கள் அமைந்தன. வெஸ்ட்மின்ஸ்டரில் புதிய ஆலயமும் எழுந்தது. ஆனால் எட்டாம் ஹென்றி உரோமையோடு உறவை முறித்தபின் அந்த வழக்கைக் கேட்பாரில்லை. திருச்சபை ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

என் எண்ணத்தைச் சொல்வதானால், அரசராக அவர் செய்த பிழைகளை மன்னிக்கும் உரிமை அவற்றால் மாண்டவர்களுக்கே உண்டு. ஆனால் முடியையும், நாட்டையும், அறிவையும், மகனையும் ஒவ்வொன்றாக இழந்தபோதும் எவரையும் அவர் சபித்ததாகச் செய்தியில்லை. கோட்டைச் சிறையில் தம்மை வெட்டிக் காயப்படுத்தியவனையும் மன்னித்தார் என்று பிளாக்மன் எழுதுகின்றார். மக்கள் அவரை நாடியது வெற்றிக்காக அல்ல என்பது மட்டும் உறுதி.

வின்சரில் பெரும்பீடத்தின் வடபுறம் நான்காம் எட்வர்டு; தென்புறம் ஆறாம் ஹென்றி. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே பீடத்தின் இருபக்கங்களில் உறங்குகின்றனர். பாடகர் பகுதியின் நடுவே தரைக்கடியில் எட்டாம் ஹென்றி. ஹென்றியின் கல்லறை ஒரு கருங்கல் பலகை. அருகே யாத்திரிகர் காணிக்கைக்காகச் செய்த பழைய இரும்புப் பெட்டி நிற்கின்றது. எச் என்னும் எழுத்தும், காசு போடும் துளைகளும் அதில் உள்ளன.

இலண்டன் கோட்டையைக் கடைசியாகப் பார்ப்பது நன்று. அரச அணிகலன்களைக் காண நீண்ட வரிசை நிற்கும். வேக்ஃபீல்டு கோபுரத்திற்கு அவ்வளவு கூட்டமில்லை. மாடியறையின் ஒரு மூலையில் சிறு செபக்கூடம். மன்னர் மண்டியிட்டுச் செபித்துக்கொண்டிருந்தபோது இங்கேதான் கொல்லப்பட்டார் என்பது வழிவழிச் செய்தி. தரையில் ஒரு பளிங்குப் பலகை பதித்திருக்கின்றனர். ஆண்டுதோறும் மே 21-ஆம் நாள் ஈட்டனிலிருந்தும் கிங்ஸ் கல்லூரியிலிருந்தும் தலைவர்கள் இங்கு வருகின்றனர். மன்னர் இயற்றியதாகக் கருதப்படும் செபம் ஓதப்படுகின்றது. ஈட்டன் 1923 முதல் லீலி மலர்களையும், கிங்ஸ் கல்லூரி 1947 முதல் ரோஜா மலர்களையும் அப்பலகையின் மேல் வைத்து வருகின்றன. இரு கல்லூரிகளின் சின்னங்களிலும் அம்மலர்களைப் பொறிக்கத் தந்தவர் அவரே. கிங்ஸ் கல்லூரியின் ரோஜா வெள்ளை ரோஜா. அவரைக் கொன்ற யார்க் குலத்தின் சின்னமும் வெள்ளை ரோஜாதான்.